காப்பை அடகு வைக்க முன்னம்

கேள்வி: மகனுக்கு நாலரை வயது, ஓட்டிசம். இன்னும் கதைக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் சொல்லிச் சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு கிளினிக்கில் குளிசை கொடுத்து, பிறகு சிறுநீரைப் பரிசோதித்தார்கள். ஈயமும் பாதரசமும் கூடவாம். அதை வெளியேற்ற நரம்பில் மருந்து ஏற்றும் 'கீலேஷன்' பத்துத் தடவை செய்ய வேண்டுமாம். இவர் என் காப்பை அடகு வைக்கக் கேட்கிறார். மறித்துவிட்டு, பிறகு மகன் கதைக்காமலே போனால்?
- ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, காப்பு கையிலேயே இருக்கட்டும். இந்த மருந்தைப் பிள்ளைக்கு ஏற்ற விடாதீர்கள்.

நான் பிள்ளைகள் வார்டில் தாதியாக இருந்தவள். என் மகனுக்கும் ஓட்டிசம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் குளிசைதான். எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் உலோகம் இருக்கும். அதை இழுத்து வெளியே தள்ளும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுச் சிறுநீர் பிடித்தால், யாருக்கும் அளவு கூடத்தான் காட்டும். ஈயத்தில் சந்தேகம் என்றால் பார்க்க வேண்டியது இரத்தத்தில்.

உண்மையாகவே ஈயம் மிகக் கூடுதலாக ஏறிய பிள்ளைக்குக் கீலேஷன் தேவைதான். ஓட்டிசத்துக்கு அது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனுக்கு ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தை இப்படித்தான் ஏற்றினார்கள். அது இரத்தத்தில் இருந்த கல்சியத்தையும் இழுத்துக்கொண்டது. இதயம் நின்று பிள்ளை இறந்துபோனான். ஈயமே ஏறாத எலிக்குஞ்சுகளுக்கு இன்னொரு கீலேஷன் மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் கற்கும் திறன் கெட்டது. அதன் பிறகு, ஓட்டிசப் பிள்ளைகளிடம் செய்யவிருந்த பரிசோதனையை அமெரிக்க அரசு நிறுவனமே 2008இல் கைவிட்டது.

'செய்து சுகம் வந்தது' என்பவர்கள் பொய் சொல்வதில்லை. நானும் சொன்னவள்தான். மகனின் ஐந்து வயதில் பாலையும் கோதுமையையும் நிறுத்தினேன். பாணைக் கண்டால் அழுவான். ஆறாவது கிழமை "தண்ணி" என்றான். கோண்டாவில் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதே மாதங்களில் கிழமைக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போனதையும், அவன் வளர்ந்துகொண்டிருந்ததையும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை. 1999இல், ஓட்டிசத்துக்கு நல்லது என்று பேசப்பட்ட செக்ரெட்டின் என்ற ஊசியை ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கும் வெறும் உப்புநீரை மற்றப் பிள்ளைகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முன்னேற்றம்! இதைச் சொன்ன பிறகும் பெரும்பாலான பெற்றோருக்கு அந்த ஊசியில் நாட்டம் போகவில்லை. அந்த மனது எனக்கு நன்றாக விளங்கும்.

இவரோடு சண்டை வேண்டாம். அந்த அறிக்கையோடு இருவருமாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான வைத்தியரைப் பாருங்கள். காசு இருந்தால் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வரச் செலவழியுங்கள்.

கதைக்காமலே போனால் என்கிறீர்கள். நாலரை வயதுக்குப் பிறகு கதைத்த பிள்ளைகள் பலர். அதுவரை அவன் வாய்க்காகக் காத்திருக்கத் தேவையில்லை. என் மகனுக்குச் சொற்கள் குறைவு. இன்றைக்கும் படத்தைக் காட்டித்தான் புட்டுக்கு வாழைப்பழம் கேட்பான். தண்ணி, வெளியே போக, போதும் என்று மூன்று படம் கீறி, நாளைக்கே குசினிச் சுவரில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள்.