கோட்டைச் சுவரில் கீறிய பெயர்: தண்டனை என்ன?

கேள்வி: விடுமுறையில் செஞ்சிக் கோட்டைக்குச் சென்ற என் மகன், அங்குள்ள கல்யாண மகாலின் சுவரில் சாவியால் தன் பெயரைக் கீறியிருக்கிறான். அவனுக்கு வயது 17. உடன் சென்று அதையே செய்த நண்பர்கள் இருவருக்கும் 19. அங்கிருந்த காவலாளி மூவரின் முகவரியையும் எழுதிக்கொண்டு, போலீஸில் புகார் தரப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெயர் எழுதியதற்கெல்லாம் சிறைத் தண்டனை உண்டா? இவனுடைய படிப்பும் வேலையும் என்னவாகும்?
– ஒரு தாய், திருவண்ணாமலை

பதில்: சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடம் உண்டு அம்மா. செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்; 2025-ஆம் ஆண்டு ஜூலையில், மராத்தியர் காலக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இத்தகைய இடங்களைச் சிதைப்பதும் உருக்குலைப்பதும் 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், 30-ஆவது பிரிவின்படி குற்றங்கள். முன்பு இதற்கு அதிகபட்சம் மூன்று மாதச் சிறையும் ஐந்தாயிரம் ரூபாய் அபராதமுமே இருந்தன. 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பிடியாணை இல்லாமலே போலீஸார் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது. ஆனால் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்குகளில், உடனே கைது செய்யாமல் விசாரணைக்கு ஆஜராகும்படி அறிவிப்பு அனுப்புவதே சட்டம் எதிர்பார்க்கும் நடைமுறை. அறிவிப்பு வந்தால் தவறாமல் செல்ல வேண்டும். செல்லாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

உங்கள் மகனுக்குப் பதினெட்டு வயது நிரம்பாததால், அவன் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குச் செல்லாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். மூன்று ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களை அச்சட்டம் சிறு குற்றங்கள் என்று வகைப்படுத்துகிறது. இத்தகைய குற்றத்தைச் சிறுவர் மட்டும் செய்திருந்தால், முதல் தகவல் அறிக்கையே பதியாமல், காவல் நிலைய நாட்குறிப்பில் பதிந்து, சிறுவனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் வயது வந்தவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் வந்தால் அந்த விலக்கு பொருந்தாது. இங்கே நண்பர்கள் இருவருக்கும் 19 என்பதால் முதல் தகவல் அறிக்கை பதியப்பட வாய்ப்பு உண்டு. அப்படிப் பதிந்தாலும் உங்கள் மகனைக் குழுமத்தின் முன்புதான் நிறுத்த முடியும். சிறு குற்ற விசாரணை நான்கு மாதங்களிலும், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதங்களிலும் முடியாவிட்டால் வழக்கு அத்துடன் முடிவுக்கு வந்துவிடும். குழுமம் அவனைக் குற்றம் செய்தவன் என்று கண்டாலும், அதனால் பிற்காலத்தில் படிப்புக்கோ வேலைக்கோ தகுதியிழப்பு ஏற்படாது என்று 24-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் பெரும் அச்சத்துக்கு விடை இந்தப் பிரிவில் இருக்கிறது.

நண்பர்களின் நிலை கடினமானது, எனினும் வழி அடைபட்டதன்று. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-இன்படி, முன்பு தண்டனை பெறாதவரை, இரண்டு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றத்தில், கண்டித்து மட்டும் விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் அதற்கான காரணத்தை நீதிபதி பதிவு செய்தாக வேண்டும். ஆனால் பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம் 1984-ஐயும் போலீஸார் சேர்த்தால் தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை உயரும். அப்போது உங்கள் மகன் வழக்கும் சிறு குற்றம் என்ற வகையில் அடங்காது. ஆகவே மூவரும் வழக்கறிஞரைக் கலந்துகொண்ட பிறகே எழுத்துமூலமாக எதையும் கொடுக்கட்டும். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

சுவரில் பூசிய பெயிண்டைப் பெரும்பாலும் பொறுமையாக அகற்ற முடியும். பழைய சுண்ணாம்புப் பூச்சில் விழுந்த கீறலை அப்படி அழிக்க முடியாது, நிரப்பத்தான் முடியும், நிரப்பிய இடத்தில் பழைய பூச்சு இராது. சமூக சேவையை ஒரு தண்டனையாக, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதா ஏற்றிருந்தும், சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்துக்கு அதை வைக்காமல் விட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. சிறையை விட, ஒரு மாதம் அந்தச் சின்னத்தின் பராமரிப்புப் பணியாளருடன் நின்று வேலை செய்வது இவ்வயதினருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

கேள்வி: என் வீட்டு மதில் சுவரில் ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தை என்னைக் கேட்காமல் பெயிண்டில் எழுதிவிட்டார்கள். போலீஸில் சொன்னால் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) மட்டும் கொடுத்தார்கள். இது குற்றமே இல்லையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: குற்றம்தான். பிறர் சொத்தின் மதிப்பையோ பயனையோ குறைக்கும் மாற்றத்தைத் தெரிந்தே செய்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவில் வருகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பது பொதுவான தண்டனை. இழப்பு இருபதாயிரம் ரூபாயை எட்டினால் இரண்டு ஆண்டுகள் வரை, ஒரு லட்சத்தை எட்டினால் ஐந்து ஆண்டுகள் வரை. சிறிய இழப்பு, மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீஸார் புலனாய்வு செய்ய முடியாத வகையைச் சேர்ந்தது. அதனால்தான் ரசீதோடு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ரசீதையும் சுவரின் படங்களையும், மறுபடி வெள்ளையடிக்க ஆகும் செலவுக்குப் பெயிண்டரிடம் வாங்கிய எழுத்துமூல மதிப்பீட்டையும் வைத்து மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாக மனுச் செய்யலாம். சுவரில் நிறுவனத்தின் பெயர் இருப்பது மட்டும் போதாது, அவர்கள் சொல்லித்தான் எழுதப்பட்டது என்று காட்ட வேண்டும். எழுதியவர்களைப் பார்த்த அக்கம்பக்கத்தார் இருந்தால் உடனே கேட்டு வையுங்கள். ஆறு மாதத் தண்டனைக்குரிய குற்றத்துக்கு ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதால், சுவரை வெள்ளையடிப்பதற்கு முன்பே மனுவைத் தயாரித்துவிடுங்கள்.