கேள்வி – பதில்: ஊர்வல லோரியில் முசாங்கை ஏற்றலாமா?

கேள்வி: ஆகஸ்ட் 31 மலேசிய சுதந்திர தின ஊர்வலத்தில் எங்கள் வனவிலங்கு மீட்புக் குழுவுக்கு ஒரு லோரி கிடைத்திருக்கிறது. காப்பாற்றிய முசாங்கையும் (மரநாய்) மலைப்பாம்பையும் கூண்டில் கொண்டுபோகலாமா? பிள்ளைகள் ஆசையாகப் பார்ப்பார்களே.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கூடவே கூடாது. முசாங் இரவில் நடமாடும் பிராணி. காலை வெயிலும் உறுமி மேளமும் கொம்பாங் என்ற மலாய்ப் பறையும் சேர்ந்தால் மிரண்டுபோய், கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். பாம்புக்கு வியர்க்காது, சூடேறினால் நிழலுக்கு ஊர்ந்து போவதுதான் அதற்குத் தெரிந்த வழி. லோரியின் இரும்புத் தளம் கொதிக்கும்போது கூண்டுக்குள் அது எங்கே போகும்?

சட்டமும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பிடித்ததை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் ஒப்படையுங்கள். எங்கள் பெரிய கவலை வேறு: ஒருவர் தோளில் முசாங் குட்டியைப் பார்த்த பிள்ளை, மறுநாளே வீட்டில் வளர்க்க ஒன்று கேட்கும்.

கேள்வி: அழுங்கு பொம்மை செய்ய நினைக்கிறோம். போன முறை செய்த காகித யானை மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது. எப்படித் தடுப்பது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நல்ல தேர்வு. எறும்புத்தின்னி என்று நாம் சொல்லும் இந்தப் பிராணி அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதன் செதில் நம் நகம் போன்ற கெராட்டின்தான், மருந்தல்ல என்பதை லோரியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதுங்கள்.

இரண்டரை மீட்டர் நீளம் போதும். பிளந்த மூங்கிலில் கூடு கட்டி, சந்திப்புகளைக் கம்பியால் இறுக்குங்கள். ஒரு கப் மைதாவுக்கு ஐந்து கப் தண்ணீர். கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சி, பூஞ்சை பிடிக்காதிருக்க ஒரு கரண்டி உப்பு சேருங்கள். செய்தித்தாள் கீற்றுகளை இரண்டு அடுக்கு ஒட்டி ஒரு நாள் முழுதும் காயவிட்டு, பிறகு அடுத்த இரண்டு. இப்படி ஆறு அடுக்கு. அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே ஒட்டினால் உள்ளே புழுங்கி வயிறு தொங்கிவிடும்.

செதில்களை அட்டைப்பெட்டியில் வெட்டி, வால் நுனியில் தொடங்கித் தலையை நோக்கி ஒட்டிக்கொண்டே வாருங்கள், கூரைக்கு ஓடு வேய்வதைப்போல. தலையிலிருந்து தொடங்கினால் செதில் எதிர்ப்பக்கம் விரிந்து நிற்கும். மழைநீரும் உள்ளே இறங்கும். வயிற்றில் செதில் கிடையாது. தாய் அழுங்கு குட்டியை வாலின் மேல் சுமக்கும். அதையும் செய்து வைத்தால் பிள்ளைகள் கண்ணை எடுக்கமாட்டார்கள்.

உங்கள் யானைக்குத் தண்ணீரில் கரைக்கும் சாயம் பூசியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. எண்ணெய்ச் சாயம் இரண்டு பூச்சு கொடுங்கள், அடிப்பக்கமும் விடாமல். லோரித் தளத்தில் தேங்கும் நீர் கீழிருந்துதான் ஊறி ஏறும். ஓட்டத்தில் முதலில் முறிவது வால். அதை மூன்று இடத்தில் கட்டைக்குக் கட்டுங்கள். பாதையில் தாழத் தொங்கும் மின்கம்பிகளை முன்னதாகவே நடந்து பார்த்து, உயரத்தை முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் எங்கே நடக்கலாம்? கையில் எதைக் கொடுப்பது?
– வாசகர், தாப்பா

பதில்: லோரிக்குப் பின்னால், புகைபடாத தூரத்தில். சக்கரத்துக்கு இரண்டு மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது. இரு பக்கமும் ஒரு பெரியவர் கயிறு பிடித்து நடக்கட்டும். செம்பனைத் தோட்டத்தில் எலியை ஒழிக்க வைக்கும் ஆந்தைப் பெட்டி ஒன்றை, காலியானதாக, கேட்டு வாங்கி இருவர் தூக்கி வரலாம். பாம்பு பிடிக்கும் கொக்கியைப் பெரியவர்களிடம் மட்டும் கொடுங்கள்.