சிம்னியை எடுத்துவிட்டு அதே இடத்தில் மைக்ரோவேவ் பொருத்தலாமா?

பொருத்தலாம். ஆனால் புகையை இழுக்கும் திறன் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தே செய்யுங்கள்.

அடுப்புக்கு மேலே மாட்டுவதற்கென்றே தயாராகும் மைக்ரோவேவின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் வலையும், உள்ளே காற்றை இழுக்கும் விசிறியும் இருக்கும். மேடையில் வைக்கும் சாதாரண மைக்ரோவேவில் இவை கிடையாது. அதை அங்கே மாட்டவே கூடாது.

சிம்னியின் அடிப்பக்கம் அகன்று குழிந்திருப்பதால், எழும்பும் புகை அங்கே தேங்கி உள்ளே இழுக்கப்படுகிறது. மைக்ரோவேவின் அடிப்பக்கமோ தட்டையானது. முன்வரிசை பர்னர்களை அது பெரும்பாலும் முழுதாக மூடுவதில்லை. சிறிய குடையில் இருவர் நடந்தால் வெளித்தோள் நனைவதைப் போல, முன் பர்னரின் புகை தப்பிவிடும். தாளிப்பதையும் பொரிப்பதையும் பின் பர்னருக்கு மாற்றினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

இதன் எடை, ஒருவர் தனியாகத் தூக்கி மாட்டும் அளவல்ல. சுவரில் உறுதியான தாங்கு தகடும், மேல் அலமாரி வழியாக இறங்கும் போல்ட்டுகளும் அவசியம். சிம்னிக்குப் போட்ட மின் இணைப்பு போதாது. தனி இணைப்பு வேண்டும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

விசிறி ஓடினாலே புகை வெளியேறுகிறது என்று பலர் நம்புகிறார்கள். பல மாடல்கள் கரி வடிகட்டி வழியாகக் காற்றைச் சமையலறைக்கே திருப்பிவிடும் அமைப்பில்தான் வருகின்றன, வெளிக்குழாய் இருந்தால் பொருத்தும்போதே விசிறியின் திசையை மாற்றி இணைக்க வேண்டும்.