பதில்: முனைக்குப் போகும் நடைவழி

கடலுக்குள் நீளும் முனைக்குப் போக வரைபடத்தில் பாதை இல்லாததால் ஓடைப் பள்ளம் வழியே இறங்கிப் புதரில் சிக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளம்தான் தவறு. ஈரமும் மண்ணும் தங்குவதால் புதர் அங்கேதான் அடர்ந்து வளரும். மேட்டின் முதுகைப் பிடித்துப் போங்கள். உப்புக்காற்று அடிக்கும் பக்கம் செடி குட்டையாகவே இருக்கும். கூகுள் எர்த்தில் வறண்ட மாதங்களில் எடுத்த பழைய படங்களைப் பாருங்கள், ஆட்டுத்தடம் வெளிர்க்கோடாகத் தெரியும்.

கரைப்பாறை வழியென்றால் கடல்நீர் வற்றி மிகத் தாழும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே இறங்குங்கள். வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய கணக்கை நம்பவே வேண்டாம்! அடர்புதரில் மணிக்கு 1 கி.மீ. நடப்பதே கடினம். ஜிபிஎஸ் தடத்தைக் கிளம்பும்போதே பதியத் தொடங்குங்கள்; நுழைந்த இடைவெளி திரும்பும்போது கண்ணில் படாது.