ஜெபக் குறிப்புகள் தீர்ந்துபோன பிறகு

கேள்வி: நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலை தேடிச் சென்னைக்கு வந்தவன் நான். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் நான்கு பேர் இருந்த நாட்களில், மற்றவர்கள் எழும்புவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய் ஜெபிப்பேன். வேலை, திருமணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றுக்கும் உபவாசித்துக் கேட்டேன். எல்லாம் கிடைத்தது. இன்று ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பு. தசமபாகம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் சொல்ல ஒன்றும் வருவதில்லை. ஞாயிறு ஆராதனையும் பெரும்பாலும் யூடியூபில்தான். போன வருடம் சபையில் சாட்சி சொன்னபோதுகூட உள்ளே எதுவும் அசையவில்லை. வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்துவிடலாமா? உலக வெற்றிக்கு நடுவில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: முதலில், வேலையை விடாதீர்கள். ஜெபிக்க முடியாத மேலாளர் ராஜினாமா செய்தால் கிடைக்கப்போவது ஜெபிக்க முடியாத ஊழியர்தான். ஊழியத்திலும் பதவி உண்டு, மேடை உண்டு, போஸ்டரில் பெரிய படம் உண்டு. நம் ஊர்ச் சுவர்களே சாட்சி.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மாடியில் நின்று ஜெபித்தீர்கள், சரி. எதற்காக? நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசை முடிந்த இடத்தில் ஜெபமும் முடிந்துவிட்டது. கேட்டதில் தப்பில்லை, கேளுங்கள் என்று சொன்னவரே ஆண்டவர்தான். ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு தாலுகா ஆபீஸ் பக்கம் யாரும் சும்மா போய் நிற்பதில்லை. தேவனிடமும் உங்களுக்கு அந்த அளவு பழக்கம்தான் இருந்ததோ என்று யோசியுங்கள். வெற்றி வந்து உங்கள் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே எவ்வளவு இருந்தது என்று இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது.

உபாகமம் 8ஆம் அதிகாரத்தை இந்தக் கோணத்தில் வாசித்துப் பாருங்கள். 40 வருடம் வனாந்தரத்தில் மன்னாவைத் தின்று நடந்த ஜனங்களிடம், இனி வரப்போகும் நல்ல வீடுகளையும் பெருகும் ஆடுமாடுகளையும் வெள்ளியையும் பொன்னையும் பற்றித்தான் மோசே எச்சரிக்கிறார். 'என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது' என்று உன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்கிறார். இருதயத்தில்! வாயால் எந்தக் கிறிஸ்தவனும் அப்படிச் சொல்லமாட்டான். வாய் 'கர்த்தர் உயர்த்தினார்' என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும், இருதயம் அந்த நேரத்தில் அப்ரைசல் படிவத்தை இன்னொரு தடவை படித்து ரசித்துக்கொண்டிருக்கும்.

சாட்சி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் மேடையில் நின்ற அன்று, கடைசி வரிசையில் வேலை போன ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவரும் உங்களைப் போல உபவாசம் இருந்தவர்தான். உங்களைக் கர்த்தர் உயர்த்தினார் என்றால் அவரை யார் இறக்கியது? சம்பளச் சீட்டை ஆசீர்வாதத்தின் ரசீதாக வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் பிரசங்கங்கள் சென்னையில் நிறைய நடக்கின்றன. அதைக் கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிவிட்டது. பவுல் தன்னைப் பற்றி மேன்மைபாராட்ட வேண்டிவந்தபோது கொடுத்த பட்டியல் வேறு: ஒன்றுகுறைய நாற்பதடி 5 தரம், மிலாறுகளால் அடி 3 தரம், கப்பற்சேதம் 3 தரம். உங்கள் மேடைச் சாட்சிக்குக் கொஞ்ச வருடம் விடுமுறை கொடுங்கள்.

தசமபாகத்துக்கு வருவோம். மாதம் 15,000 வாங்கிய காலத்தில் 1,500 கொடுத்தால் கையில் 13,500 நிற்கும். அந்த 1,500 உங்களுக்கு வலித்திருக்கும். இன்று 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 போனாலும் 3,60,000 மிச்சம். அதுவும் மாதம் பிறந்ததும் வங்கியே எடுத்து அனுப்பிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆக்ஸ்போர்டில் இருந்த ஒருவரைப் பற்றி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் கணக்குச் சொல்கிறார். அது அவரே என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள். வருமானம் 30 பவுண்டு இருந்தபோது 28இல் வாழ்ந்து 2 பவுண்டு கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90, பிறகு 120. செலவு மட்டும் அதே 28. உங்களுக்கு பிள்ளைகள், பள்ளிக் கட்டணம், தவணை எல்லாம் இருக்கிறது, வெஸ்லி மாதிரி முடியாது. ஆனால் எங்கே நிறுத்துவது என்று ஒரு கோடாவது போட்டிருக்கிறீர்களா? வீட்டில் பேசிப் போடுங்கள்.

பணக்காரக் கிறிஸ்தவனின் சிக்கல் நம் ஊருக்குப் புதிதல்ல. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் 1680இல் நடந்த முதல் திருமணம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எலிஹு யேலுடையது. 1687இல் சென்னையின் கவர்னரானார். தன் சொந்தப் பையை நிரப்பிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில் 1692இல் பதவி போயிற்று. ஆலயத்தோடு நெருக்கமாக இருப்பது ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை. அடுத்த நூற்றாண்டில் இதே பட்டணத்தில் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் இருந்தார். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். அந்த இடத்தில்தான் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் போட்டவை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவருடைய சொத்தைப் பறித்துக்கொண்டார்கள். பாண்டிச்சேரிக்கு வந்தால் திருப்பித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். அவர் போகவில்லை. அவரைப் பரிசுத்தவானாக்க நான் முயலவில்லை, வியாபாரிதான். பறிபோனபோதும் அவரை விலைக்கு வாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

யூடியூப் ஆராதனை நோயாளிகளுக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கும் உதவி. உங்களுக்கு அது வசதி. திரையில் பிரசங்கம் பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிடலாம், பக்கத்தில் உட்காரும் ஆளைப் பிடிக்கவில்லை என்ற பிரச்சினையே இல்லை. அலுவலகத்தில் எல்லாரும் எழுந்து நிற்கும் ஒருவருக்கு, 'தம்பி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் எடுத்துப் போடுப்பா' என்று ஒரு பாட்டி சொல்லும் இடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது வேண்டும். நாசரேத் பக்கத்துக்காரருக்கு, சபையே கூடிச் சாப்பிடும் அசனம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். இந்த வருடம் பந்தியில் உட்காராமல் குழம்பு வாளியைத் தூக்குங்கள்.

அப்புறம் ஜெபம். சொல்ல ஒன்றும் இல்லை என்றால் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அதில் உங்களுக்குப் பதிலாகப் பேச ஆள் இருக்கிறது. அந்த மேன்ஷன் அறையில் இருந்த மற்ற மூன்று பேரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் முதலில் விசாரியுங்கள்.

தானியேலைப் பாருங்கள். 120 தேசாதிபதிகளுக்கு மேலிருந்த மூன்று பிரதானிகளில் ஒருவர். உங்களைவிட அவருக்குக் கூட்டங்கள் அதிகம் இருந்திருக்கும். 'தான் முன் செய்துவந்தபடியே' தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார் என்று தானியேல் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்குச் சில வசனங்கள் முன்னால் இருப்பதை நாம் அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை. எதிரிகள் முதலில் தேடியது அவர் உத்தியோகத்தில் ஏதாவது குற்றம் கிடைக்குமா என்று. ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் ஜெபத்தைப் பிடித்தார்கள்.

உங்கள் உத்தியோகத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? உங்களுக்குக் கீழே இருக்கும் பெண் ராத்திரி உட்கார்ந்து முடித்த வேலை மேலே யார் பெயரில் போகிறது? ஆட்குறைப்புப் பட்டியல் கேட்டால் முதலில் யார் பெயரை எழுதுகிறீர்கள், ஏன்? வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லில் மணிக்கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னால் என்ன செய்கிறீர்கள்? அடுத்த தடவை அப்படி ஒரு மின்னஞ்சல் வரும்போது 'முடியாது சார்' என்று பதில் எழுதி அனுப்பிவிடுங்கள். அன்று ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் சொல்வதற்கு நிறைய இருக்கும்.