எஸ்.ஐ.யை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள். இதோடு நடவடிக்கை முடிந்ததா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: அவர்கள் பகுதி எஸ்.ஐ. ஒரு கடைக்காரரை அடித்த வீடியோ பரவியது. மறுநாளே எஸ்.ஐ.யை ஆயுதப்படைக்கு மாற்றியதாகச் செய்தி வந்தது. இது தண்டனையா, அடிபட்டவர் இனி என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தண்டனை இல்லை. சொல்லப்போனால் நடவடிக்கை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஆயுதப்படைக்குப் போனவருக்கு முழுச் சம்பளம் உண்டு. பந்தோபஸ்துக்குப் போவார், வருவார். தமிழ்நாட்டில் காவலர் முதல் இன்ஸ்பெக்டர் வரைக்கும் 1955-ஆம் ஆண்டின் காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகள்தான். அதிலுள்ள தண்டனைப் பட்டியலில் இடமாற்றம் கிடையாது. சஸ்பெண்ட் செய்தாலும் பெரும்பாலும் அது விசாரணை முடியும்வரை தள்ளி வைப்பதுதான்; பிழைப்பூதியம் என்று ஏறக்குறைய பாதிச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் எனக்கு 2017-க்குப் பிறகுதான் தெரியும். தம்பி எங்கள் மாநகரத்தில் ராத்திரி தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தான். பதினொன்றரை மணிக்கு ரோந்து வந்த எஸ்.ஐ. 'இன்னும் மூடலையா' என்று கேட்டபடியே இடது கன்னத்தில் அறைந்தார். அடுப்பையும் எட்டி உதைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கொப்பரை கவிழ்ந்து, தார்ரோட்டில் இட்லித் துணிகள் சேறு மாதிரி கிடந்தன. அவன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் சில்லறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரியே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். கேஷுவால்ட்டியில் 'எப்படி அடிபட்டது' என்று கேட்டதும் தம்பி தயங்கினான். நான்தான் 'போலீஸ் அடித்தது என்று எழுதுங்கள் டாக்டர்' என்றேன். அந்தப் பதிவைத்தான் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) என்பார்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று அதில் இருந்தது. பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு தாள்தான்.

ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அது அங்கிருந்து உதவி ஆணையருக்கு வந்தது; அவருக்குக் கீழேதான் அந்த எஸ்.ஐ.யும் வேலை பார்க்கிறார். விசாரணை அன்று வராந்தாவில் அந்த எஸ்.ஐ.யே எதிரில் வந்து, 'அண்ணே, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, பேசி முடிச்சுக்குவோம்' என்றார். உள்ளே ரைட்டர் தம்பியின் வாக்குமூலத்தை மடமடவென்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். நான் வாங்கிச் சத்தமாகப் படித்தேன். நான்காவது வரியில் 'வண்டியை நகர்த்தும்போது தவறி விழுந்ததில் காதில் காயம் ஏற்பட்டது' என்று இருந்தது. தம்பி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாற்றி எழுதினால்தான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டோம். இரண்டு மணி நேரம் ஆனது. தயவுசெய்து படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த வாரம் அவரை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். தெருவே எங்களுக்கு ஜெயம் என்றது. ஏழு மாதம் கழித்து அதே மனிதர் பக்கத்துச் சரகத்தில் ஒரு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் தெரிந்த வக்கீல் ஒருவர் கேட்டார்: 'சார்ஜ் மெமோ கொடுத்தாங்களா? த்ரீ ஏ-வா, த்ரீ பி-யா?' சார்ஜ் மெமோ என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுப்பது; மற்ற இரண்டும் அந்த 1955 விதிகளில் உள்ள பிரிவுகள். நீங்களும் இதைத்தான் கேட்க வேண்டும். 3(ஏ) சின்னத் தண்டனைக்கு: விளக்கம் எழுதி வாங்கி, கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் என்று முடிப்பார்கள். 3(பி)-யில் குற்றச்சாட்டு வரையறுத்து, சாட்சிகளை விசாரித்து, குறுக்கு விசாரணைக்கும் இடம் கொடுப்பார்கள். பதவியிறக்கம், பணிநீக்கம் எல்லாம் அந்த வழியாகத்தான். மெமோ இல்லையென்றால் அவர் பணிப்பதிவேட்டில் உங்கள் கடைக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நாளை பதவி உயர்வுக்கும் இது தடையாகாது.

அந்தக் கோப்பைக் கேட்டு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டோம். தனிப்பட்ட தகவல், தர இயலாது என்று பதில் வந்தது. அரசு ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கைத் தாள்கள் தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லா அலுவலகமும் கேடயமாக வைத்திருக்கிறது. அதனால் கோப்பைக் கேட்காதீர்கள். 'நான் இன்ன தேதியில் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு ஒரு வரி கிடைத்தது: விசாரணை அறிக்கை பரிசீலனையில் உள்ளது.

காவல்துறைக்கு வெளியே ஒருவர் விசாரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை என்றது. தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த சட்டத்தில் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி. யார் மேல் புகாரோ அந்தத் துறையின் தலைவரே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தால் யார் நம்பி வருவார்கள்? எனக்கு இதில் இன்றுவரை கோபம் தீரவில்லை.

நாங்கள் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போனோம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். எங்களுக்கு 19 நாள்தான் மிச்சம் இருந்தது. ஆணையம் சொல்வது வெறும் சிபாரிசு, அரசு கேட்க வேண்டியதில்லை என்று பலர் பயமுறுத்தினார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் எங்கள் உத்தரவு வந்தது: ஐம்பதாயிரம் ரூபாய் இழப்பீடு, அதை அரசு கொடுத்துவிட்டு அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்ய வேண்டும், துறை நடவடிக்கையும் எடுக்க வேண்டும். நான்கு வருடம் கழித்து முதல்முறையாக அவருக்கு மெமோ போனது.

குற்ற வழக்கு வேறு, துறை நடவடிக்கை வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க விடாதீர்கள். 2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலகக் காலனி காவல் நிலைய விசாரணையில் விக்னேஷ் என்ற இளைஞர் இறந்தபோது முதலில் சஸ்பெண்ட் என்ற அளவில்தான் இருந்தது. பிரேதப் பரிசோதனையில் 13 காயங்கள் என்று வந்த பிறகுதான் கொலை வழக்கும் கைதும். சாத்தான்குளத்தில் 2020-இல் மாஜிஸ்ட்ரேட் நேரில் போனதால்தான் நிலையத்துக் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கச் சொன்னது.

உங்கள் கடைக்காரரை நிலையத்துக்குக் கூட்டிப்போயிருந்தால், நாள், நேரம் குறித்து அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி இன்றே பதிவுத் தபாலில் எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். நகல் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். வீடியோ எடுத்தவரிடம் ஃபார்வர்டு ஆனதை அல்ல, ஒரிஜினல் ஃபைலை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். சம்பவம் நடந்து எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆணையத்துக்கான அந்த ஓராண்டுக் கணக்கு, மாற்றல் உத்தரவு வந்த நாளிலிருந்து இல்லை, அடி விழுந்த நாளிலிருந்து.