வசனம் கேக்கல, பாட்டு மட்டும் அதிருது!

கேள்வி: அண்ணா, புதுசா 5.1 ஹோம் தியேட்டர் மாட்டியிருக்கோம். பாட்டு வந்தா ஜன்னலே அதிருது, ஆனா பேசறது ஒண்ணும் புரியல. மாமியார் ரிமோட்ட கீழ வைக்கறதே இல்ல. என்ன பண்றது?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பேச்சு முக்கால்வாசி நடு ஸ்பீக்கர்ல தாம்மா வரும், அத ஷோகேஸுக்குள்ள தள்ளி முன்னாடி பொம்மைய நிக்க வச்சிருந்தா எப்படி கேக்கும், வெளிய எடுத்து டிவிக்கு நேர் கீழ, பலகை விளிம்போட ஒட்டி, உக்கார்றவங்க காதப் பாக்கற மாதிரி லேசா நிமித்தி வைங்க. பாதி பிரச்சனை அதுலயே போயிரும். அடுத்து, எச்டிஎம்ஐ கேபிள் டிவியில ஏஆர்சி-னு எழுதின ஓட்டையில இருக்கானு பாருங்க, டிவி சத்தம் ஹோம் தியேட்டருக்குப் போற வழி அது தான். டிவி செட்டிங்ல சவுண்ட் அவுட்புட் பிசிஎம்-னு இருந்தா ஏஆர்சி வழியா இடது, வலதுனு ரெண்டு சேனல் தான் போகும், நடு ஸ்பீக்கருக்குனு தனியா போகாது, அதனால பிட்ஸ்ட்ரீம்-ங்கற செட்டிங்குக்கு மாத்திருங்க. சப்வூஃபர், அதான் அந்த அதிர்ற சத்தம் போடற பெட்டி, மூலையில இருந்தா ரெண்டு அடி வெளிய இழுங்க, அந்த மூலை தான் பேஸ்-ங்கற அடி சத்தத்த ஊதி விடுது.

கிரானைட் லாரி ஓடற ரோட்டோரம் வீடுனா தூசி அப்பிக்கும், ஈரத்துணி வேணாம், காய்ஞ்ச பெயிண்ட் பிரஷ்ல தட்டி விடுங்க. இடி மின்னல்னா பிளக்கோட டிஷ் வயரையும் சேத்து கழட்டிருங்கம்மா.